நெரிஸ்ஸாவின் கையிலிருந்த பத்திரம்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு வருஷம் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்திலிருந்து நீதிமன்றக் காட்சியைப் போட்டோம். ஆண்கள் பள்ளி. இங்கிலீஷை மூச்சுவிடாமல் பேசுகிறவனுக்குப் போர்ஷியா, கட்டைக் குரலுக்கு ஷைலாக், சட்டையைக் கழற்றக் கூச்சப்படாதவனுக்கு அந்தோனியோ என்று வாத்தியார் வேஷம் பிரித்தார். எல்லாம் போக மிஞ்சிய நெரிஸ்ஸா என் தலையில் விழுந்தது. புடவை கட்ட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். போர்ஷியா வக்கீல் வேஷத்தில் கோர்ட்டுக்கு வரும்போது அவள் தோழி நெரிஸ்ஸா குமாஸ்தா வேஷத்தில் வருவாள். கறுப்பு அங்கி, கையில் ஒரு காகிதச் சுருள். அதை நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் கோமகனிடம் நீட்டிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். ஷைலாக் தோற்றான், கத்தியைப் போட்டான், போனான். கைதட்டல், திரை. நாடகமே அவ்வளவுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

முழு நாடகத்தையும் படித்தபோதுதான் தெரிந்தது, நெரிஸ்ஸாவின் கைக்கு இன்னொரு காகிதம் வருகிறது என்று. தீர்ப்புக்குப் பிறகு வருகிறது. அதை அவள் இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். அதை விட்டுவிட்டவர் எங்கள் வாத்தியார் மட்டுமல்ல. உலகப் பெயர் பெற்ற நடிகர்களே அந்தக் காகிதத்தை நாடகத்திலிருந்து கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

 நாடகம் பதிவான நாளிலிருந்து தொடங்குவோம்.

1598 ஜூலை 22. லண்டன் அச்சுத் தொழில்காரர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் என்ற அச்சகக்காரர் ஒரு நாடகத்தைத் தன் பெயருக்குப் பதிகிறார். பதிவிலேயே அதற்கு இரண்டு பெயர்: வெனிஸ் வணிகன், அல்லது வெனிஸ் யூதன். வணிகன் என்பது அந்தோனியோ, யூதன் என்பது ஷைலாக். அச்சு மை படுவதற்கு முன்பே இது யாருடைய நாடகம் என்ற வழக்கு தொடங்கிவிட்டது. 1600இல் புத்தகம் வந்தது. அதில் அங்கப் பிரிவு கிடையாது. ஐந்து அங்கமாகப் பிரித்தது 1623இல் வந்த பெருந்தொகுப்பு. அந்தத் தொகுப்பிலும் சரி, 1598இலேயே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பட்டியலிட்ட பிரான்சிஸ் மியர்ஸின் புத்தகத்திலும் சரி, இது இன்பியல் நாடகங்களோடுதான் இருக்கிறது. எழுதினவரும் பார்த்தவர்களும் சிரிப்பதற்கான நாடகமாகவே இதை எண்ணினார்கள்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊதாரி இளைஞன் பஸ்ஸானியோ பெல்மாண்ட் என்ற ஊரில் இருக்கும் பணக்காரி போர்ஷியாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போக வேண்டும். போவதற்குப் பணம் வேண்டும். நண்பன் அந்தோனியோ பெரிய வியாபாரி, ஆனால் அவன் முதலெல்லாம் கப்பல்களில் ஏறிக் கடலில் கிடக்கிறது. தன் பெயரில் கடன் வாங்கிக்கொள் என்கிறான். ஷைலாக்கிடம் 3000 டுகாட், மூன்று மாதத் தவணை. வட்டி வேண்டாம் என்கிறான் ஷைலாக். தவணை தவறினால் உன் உடம்பில் ஒரு பவுண்டு சதை, சும்மா வேடிக்கைக்கு, வா நோட்டரியிடம் போய் எழுதிவிடுவோம். கப்பல்கள் மூழ்கியதாகச் சேதி வருகிறது. வேடிக்கை வழக்காகிறது. வக்கீல் வேஷத்தில் வந்த போர்ஷியா, சதையை எடுத்துக்கொள், ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது என்று மடக்குகிறாள்.

வட்டிக்கு விடுகிறவன் வட்டி வேண்டாம் என்றால் எந்த ஊர்க்காரனும் உஷாராகிவிடுவான். அந்தோனியோ உஷாராகவில்லை. ஷைலாக்கைத் தெருவில் நாயே என்று ஏசினவன், தாடியில் துப்பினவன் அவன். கடன் கேட்கிற நேரத்தில்கூட, இனியும் துப்புவேன், நண்பனுக்குக் கொடுப்பதாக நினைக்காதே, எதிரிக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடு என்கிறான். ஷைலாக்குக்கு அவன் மேல் உள்ள ஆத்திரத்திலும் மதம் மட்டும் இல்லை. அந்தோனியோ வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்து வெனிஸ் சந்தையில் வட்டி விகிதத்தையே இறக்குகிறான். தொழிலில் மண் போடுகிறவன் மேல் வருகிற கோபமும் அதில் சேர்ந்திருக்கிறது.

சதைப் பத்திரம் ஷேக்ஸ்பியரின் சொந்தச் சரக்கல்ல. ஜொவானி பியொரெந்தினோ என்ற இத்தாலியரின் கதைத் தொகுதி ‘இல் பெகொரோனே’ 1558இல் அச்சேறியது. பெல்மாண்ட் சீமாட்டி, நண்பனுக்காகக் கடன் படுகிறவன், வக்கீல் வேஷம், அந்த வேஷத்திலேயே புருஷனிடம் மோதிரத்தை வாங்கிக்கொண்டு பிறகு எங்கே என்று கேட்கும் கலகலப்பு எல்லாம் அதிலேயே உண்டு. அதில் வரும் யூதன், ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் பத்திரத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடுகிறான். அவன் கதை அத்தோடு சரி. சொத்துப் பறிமுதல் இல்லை, மதமாற்றம் இல்லை. அவனுக்கு மகளும் இல்லை.

இந்த மூன்றையும் சேர்த்தவர் ஷேக்ஸ்பியர். மூலத்தில் யூதன் கிழித்த பத்திரத்துக்குப் பதிலாக இவர் நாடகத்தில் புதிதாக ஒரு பத்திரம் எழுதப்படுகிறது. தோற்றுப்போன ஷைலாக்கின் உயிரைக் கோமகன் விட்டுவிடுகிறார். சொத்தில் பாதி அரசாங்கத்துக்கு, பாதி அந்தோனியோவுக்கு என்பது சட்டம். நீ என்ன கருணை காட்டுவாய் என்று அந்தோனியோவைக் கேட்கிறாள் போர்ஷியா. அவன் காட்டுகிற கருணை இது: அரசாங்கத்தின் பங்குக்கான அபராதத்தை விட்டுவிடலாம், என் பங்கை நான் வைத்திருந்து, இவன் செத்த பிறகு இவன் மகளைக் கிளப்பிக்கொண்டு போன லொரென்சோவிடம் சேர்ப்பேன், இவன் உடனே கிறிஸ்தவனாக வேண்டும், சாகும்போது தன்னிடம் உள்ளதெல்லாம் மகளுக்கும் மருமகனுக்கும் என்று இந்தக் கோர்ட்டிலேயே தானப் பத்திரம் எழுத வேண்டும். இதற்குச் சற்று முன்புதான் போர்ஷியா கருணையைப் பற்றி இருபது வரிக்கு மேல் பேசியிருக்கிறாள். எங்கள் போர்ஷியா ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய வசனம் அது. எந்தக் கட்டாயத்தில் நான் இரங்க வேண்டும் என்று ஷைலாக் கேட்ட சட்டக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் அது என்பது பரிசு கொடுத்தவர்களுக்கும் ஞாபகம் இருந்திருக்காது. கட்டாயப்படுத்தி வருவதல்ல கருணை என்று சொன்ன அதே கோர்ட்டில் கட்டாயப்படுத்தி மதம் மாற்றுகிறார்கள்.

அதே கோர்ட்டில் ஷைலாக் இன்னொன்றும் கேட்கிறான். காசு கொடுத்து வாங்கிய அடிமைகளைக் கழுதை மாதிரி வேலை வாங்குகிறீர்களே, அவர்களை விடுதலை செய்து உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிவையுங்கள் என்று நான் சொன்னால் கேட்பீர்களா? விலை கொடுத்தோம், எங்களுடையது என்பீர்கள். இந்தச் சதைக்கும் நான் விலை கொடுத்திருக்கிறேன். நாடகத்தில் யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை. கோமகன் வக்கீல் வந்துவிட்டாரா என்று பேச்சை மாற்றுகிறார்.

இதை முதன்முதலில் பார்த்த லண்டன் ஜனங்களில் பெரும்பாலோர் வெளிப்படையாக யூதனாக வாழ்ந்த ஒருவனைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். யூதர்களை இங்கிலாந்தை விட்டே 1290இல் முதலாம் எட்வர்டு துரத்திவிட்டார். மறுபடி குடியேற வழி பிறந்தது 1656இல், கிராம்வெல் காலத்தில். இடையில் லண்டனில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்களாக மாறிய, அல்லது மாறியதாகச் சொல்லிக்கொண்ட சிலர். எலிசபெத் ராணியின் வைத்தியர் ரொடரிகோ லோபஸ் போர்த்துகலில் பிறந்த அப்படியொரு குடும்பத்துக்காரர். ராணிக்கு விஷம் வைக்கச் சதி என்று குற்றம் சாட்டி 1594 ஜூன் 7 அன்று டைபர்னில் தூக்கிலிட்டார்கள். அந்த வருஷம் நாடகாசிரியர் மார்லோவின் ‘மால்டா யூதன்’ மறுபடி அரங்கேறி நல்ல வசூல் பார்த்தது. ஷேக்ஸ்பியரின் குழு தனக்கும் ஒரு யூதன் வேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

யூதரைத் தெரியாத ஊருக்கு வட்டி நன்றாகவே தெரியும். 1571 சட்டம் நூற்றுக்குப் பத்து வரை கண்டுகொள்ளாமல் விட்டது. அதற்கு முந்தைய வருஷம், வட்டியே குற்றம் என்றிருந்தபோது, ஸ்ட்ராட்போர்டுக் கையுறை வியாபாரி ஜான் ஷேக்ஸ்பியர் 80 பவுன் கடனுக்கு 20 பவுன் வட்டி வாங்கியதாக வழக்கில் சிக்கி 40 ஷில்லிங் அபராதம் கட்டினார். நாடகாசிரியரின் அப்பாதான். பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. வளர்ந்த பிறகு பிள்ளையும் கணக்கில் தளர்ந்தவரில்லை. மால்ட் வாங்கிவிட்டு 35 ஷில்லிங் 10 பென்ஸ் பாக்கி வைத்த பிலிப் ராஜர்ஸ் மேல் 1604இல் வழக்குப் போட்டிருக்கிறார்.

நாடகம் பதிவேட்டில் ஏறிய அதே 1598, அக்டோபர் 25ஆம் தேதி. ஸ்ட்ராட்போர்டுக்காரர் ரிச்சர்டு குவைனி, ஊருக்கு வரிச்சலுகை கேட்டு லண்டன் வந்தவர், கார்ட்டர் லேனில் பெல் என்ற சத்திரத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறார். 30 பவுன் கடன் வேண்டும், ஜாமீன் தருகிறேன், லண்டனில் எனக்குள்ள கடனையெல்லாம் தீர்க்க இது பெரிய உதவி என்று எழுதி, மடித்து, முத்திரை வைத்து, மேலே பெயர் எழுதுகிறார்: அன்புள்ள நண்பரும் ஊர்க்காரருமான வில்லியம் ஷேக்ஸ்பியருக்கு. ஷேக்ஸ்பியருக்கு எழுதப்பட்ட கடிதம் என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அது குவைனியின் சொந்தக் காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தது. அனுப்பவே இல்லை போலிருக்கிறது, நேரில் பார்த்துப் பேசிவிட்டாரோ என்னவோ. பிற்பாடு 1616இல் குவைனியின் மகன் தாமஸுக்கும் ஷேக்ஸ்பியரின் மகள் ஜூடித்துக்கும் கல்யாணம் ஆயிற்று. மூன்று மாதத் தவணையைப் பற்றி நாடகம் எழுதியவருக்கு இப்படிப்பட்ட காகிதங்கள் அன்றாடம் புழங்கியவை.

நிஜ வெனிஸைத்தான் அவர் பார்த்ததில்லை. அங்கே 1516 மார்ச் 29 அன்று அரசவை போட்ட உத்தரவால் யூதர்கள் பழைய வார்ப்படச் சாலை இருந்த ஒரு தீவுத் திட்டில் அடைக்கப்பட்டார்கள். கெட்டோ என்ற சொல் உலகத்துக்குக் கிடைத்ததே அந்த இடத்திலிருந்துதான். இரவானால் கதவைப் பூட்டிவிடுவார்கள். காவல்காரர்கள் கிறிஸ்தவர்கள், அவர்களுக்குச் சம்பளம் கட்டுவது உள்ளே அடைபட்ட யூதர்கள். வெளியே வந்தால் தலையில் அடையாளத் தொப்பி, முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. அவர்கள் நடத்தியதும் பெரும்பாலும் அடகுக்கடைதான்: ஏழைபாழைகளின் துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் சில்லறைக் கடன், வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது அரசாங்கம். ஈடில்லாமல் 3000 டுகாட் தூக்கிக் கொடுப்பது அந்தத் தெருவின் தொழில் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கெட்டோவும் இல்லை, பூட்டிய கதவும் இல்லை. அதனால்தான் ஷைலாக் ராத்திரி விருந்துக்கு வெளியே போக முடிகிறது. மகள் ஜெசிகா பையன் வேஷம் போட்டுக்கொண்டு, நகைப்பெட்டியைக் காதலனுக்கு மாடியிலிருந்து போட்டுவிட்டு, ஓடிப்போக முடிகிறது. நிஜத்தில் அந்நேரம் கதவு சாத்தியிருக்கும்.

1605இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அரண்மனையில் பிப்ரவரி 10ஆம் தேதி இந்த நாடகத்தைப் பார்த்தார். பிடித்துப்போய் 12ஆம் தேதி மறுபடி போடச் சொன்னார். பிறகு அந்த நூற்றாண்டு முழுக்க மேடையேறியதாகப் பதிவில்லை. 1701இல் ஜார்ஜ் கிரான்வில் இதை ‘வெனிஸ் யூதன்’ என்று திருத்தி எழுதினார். தாமஸ் டாகெட் என்ற கோமாளி நடிகர் ஷைலாக். நாற்பது வருஷம் லண்டன் அந்தக் கோமாளியைப் பார்த்துத்தான் சிரித்தது.

அதை நிறுத்தியவர் சார்லஸ் மாக்லின், அயர்லாந்துக்காரர், முன்கோபி. 1735இல் ட்ரூரி லேன் அரங்கின் ஒப்பனை அறைப் பக்கம் ஒரு டோப்பாவுக்காகச் சக நடிகர் தாமஸ் ஹாலமோடு சண்டை போட்டு, கையிலிருந்த கோலால் கண்ணில் குத்த, அவர் செத்தே போனார். மாக்லின் கொலைப் பழியிலிருந்து தப்பினார், வேண்டுமென்று செய்யாத கொலை என்ற அளவில் தண்டிக்கப்பட்டார். ஒரு டோப்பாவுக்கு ஓர் உயிர் என்ற கணக்கைப் பார்த்தவருக்கு ஒரு பவுண்டு சதையின் கணக்கு விளங்காமலா போகும்! 1741 பிப்ரவரி 14. கிரான்வில் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷேக்ஸ்பியரின் பிரதிக்குத் திரும்பினார்கள். ஒத்திகையில் மாக்லின் குரலை உயர்த்தவேயில்லை, என்ன செய்யப்போகிறார் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அன்றிரவு சிவப்புத் தொப்பியோடு வந்து நின்றார். வெனிஸ் யூதர்கள் சிவப்புத் தொப்பி போடுவார்கள் என்று படித்தேன் என்றார் பிற்பாடு கவிஞர் போப்பிடம். கோமாளி போய் மேடையில் பயங்கரமான ஒரு மனிதன் நின்றான். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்த வேஷத்தை அவர் விடவில்லை. 1789 மே 7, தள்ளாத வயது. வசனம் மறந்துபோக, தயாராக உட்கார்ந்திருந்த மாற்று நடிகர் முடித்துக் கொடுத்தார்.

1814 ஜனவரி 26 இரவு அதே ட்ரூரி லேனில் பாதி காலி இருக்கைகளுக்கு முன்னால் எட்மண்ட் கீன். அரங்கமும் கடனில், நடிகரும் வறுமையில். ஷைலாக் என்றால் செம்பட்டை டோப்பா என்று இருந்த மரபை விட்டுக் கறுப்பு டோப்பா, கறுப்புத் தாடியோடு வந்தார். விமர்சகர் ஹாஸ்லிட் அன்று சபையில் இருந்தார். ஒரு டோப்பாவின் நிறம் மாறியதில் அதுவரை அசுரனாக இருந்தவன் ஆத்திரப்பட நியாயமுள்ள மனிதனாகிவிட்டான்.

அங்கிருந்து இரக்கத்துக்கு ஒரு எட்டுதான். அதை எடுத்துவைத்தவர் ஹென்றி இர்விங், 1879 நவம்பர் 1, லைசியம் அரங்கம், போர்ஷியாவாக எலன் டெர்ரி. ஜெசிகா ஓடிப்போனதும் முகமூடிக் கூட்டம் ஆடிப் பாடித் தெருவில் போகிறது, திரை விழுகிறது. உடனே மறுபடி எழுகிறது. வெறும் தெரு. கையில் விளக்கோடு கிழவர் ஒருவர் பாலத்தில் ஏறி இறங்கி வருகிறார். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே யாரும் இல்லை என்று சபைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மறுபடி தட்டுகிறார். திரை. ஷேக்ஸ்பியர் எழுதாத காட்சி. வசனம் ஒன்றும் கிடையாது. நாடகம் 250 இரவுகள் நடந்தது.

இப்படி ஷைலாக் வளர வளர ஒரு சங்கடம் வந்தது. மொத்தம் இருபது காட்சியில் அவன் வருவது ஐந்தே ஐந்தில். நாலாம் அங்கத்தில் போய்விட்டால் திரும்புவதில்லை. அவனை நெஞ்சு பிழிய நடித்துவிட்டு, அடுத்து பெல்மாண்ட் தோட்டத்தில் நிலா வெளிச்சத்தில் புருஷன்மாரும் பெண்டாட்டிமாரும் மோதிரத்தைத் தொலைத்தாயா என்று கொஞ்சிச் சண்டை போடுவதை யார் பார்ப்பது? அமெரிக்காவின் எட்வின் பூத் கோர்ட்டோடு நாடகத்தை முடித்துக்கொண்டார். இர்விங்கும் 1880 மே மாதம் சிலகாலம் ஐந்தாம் அங்கத்தை எடுத்துவிட்டு ‘அயொலாந்தி’ என்ற வேறொரு குட்டி நாடகத்தைச் சேர்த்துப் போட்டார். முன்னணி நடிகர் இல்லாத அங்கம் எதற்கு என்கிற கணக்கும் அதில் இருந்திருக்கும், நடிகர்களை நமக்குத் தெரியாதா! ஆனால் ஐந்தாம் அங்கத்தை வெட்டும்போது மோதிர வேடிக்கையோடு சேர்ந்து நெரிஸ்ஸாவின் பத்திரமும் போய்விடுகிறது. ஷைலாக்குக்காகக் கண்ணீர் விட்ட சபைக்கு, அவன் சொத்து யார் மடியில் போய் விழுந்தது என்பதைப் பார்க்கும் கஷ்டம் மிச்சம்.

தமிழுக்கும் இது சீக்கிரமே வந்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் இதை ‘வாணீபுர வணிகன்’ என்று தமிழாக்கினார். அவர் வக்கீல், பின்னாளில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி. சில்லறைக் கடன் பாக்கிகள் வந்து சேரும் கோர்ட் அது. மேடைக்கு வெளியிலும் அவருக்குப் புரோநோட்டுகளோடுதான் காலம் போயிருக்கும். 1940இல் தமிழில் படமாகவும் வந்தது, செருகளத்தூர் சாமா நடித்தார். படத்தின் பெயர் ‘ஷைலாக்’. 1598 பதிவேட்டில் தொடங்கிய வழக்கில் தமிழ் சினிமா தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

ஐரோப்பாவில் அந்த வருஷங்களில் இந்த நாடகம் பட்ட பாடு வேறு. 1936இல் டெல் அவிவில் ஹபீமா குழு இதை ஹீப்ருவில் போட்டது. இயக்குநர் லியோபோல்டு ஜெஸ்னர், நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். இந்த நேரத்தில் இந்த நாடகமா என்று ஊரில் எழுந்த கோபத்துக்கு, ஆசிரியரையும் குழுவையும் இயக்குநரையும் கூண்டில் ஏற்றி ஒரு பொது விசாரணையே வைத்தார்கள், நாடகம் போலவே. ஏழு வருஷம் கழித்து, 1943 மே மாதம் வியன்னாவின் புர்க் அரங்கம். லோதார் மூத்தல் இயக்கம், வெர்னர் கிராவ்ஸ் ஷைலாக். அந்த நகரத்து யூதர்களில் பெரும்பாலோர் அதற்குள் துரத்தப்பட்டோ முகாம்களுக்கு ஏற்றப்பட்டோ போயிருந்தார்கள். மேடையில் ஷைலாக்கை அருவருப்பாகக் காட்டுவது நாஜிகளுக்குச் சுலபமாக இருந்தது. சிக்கல் ஜெசிகாதான். யூதப் பெண் யூதரல்லாதவனைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருப்பது நாஜிகளின் 1935 சட்டப்படி குற்றம். ஆகவே நாஜி காலத்து அரங்குகளில் ஜெசிகாவை ஷைலாக்கின் ரத்தம் இல்லை என்று மாற்றினார்கள், வளர்ப்பு மகள் என்கிற மாதிரி. ஷைலாக்கைத் தொட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை, ஜெசிகாவைத் தொட வேண்டி வந்தது. நாடகத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைத் தணிக்கைக்காரன் சில சமயம் விமர்சகனைவிடச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறான்.

பிற்காலத்தில் ஐந்தாம் அங்கத்தை வெட்டும் பழக்கம் நின்றது. 1970இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஜொனதன் மில்லர் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். லாரன்ஸ் ஒலிவியே கோட்டும் தொப்பியும் போட்ட வங்கிக்காரர் மாதிரி இருப்பார். மற்ற ஜோடிகளெல்லாம் உள்ளே போனபின் ஜெசிகா தனியாக நிற்க, இறந்தவர்களுக்காக யூதர்கள் ஓதும் கதிஷ் கேட்கும். 2004இல் வந்த மைக்கேல் ராட்போர்டின் படம் ஜெசிகாவின் விரலில் இருக்கும் மோதிரத்தில் முடிகிறது. ஜெனோவாவில் ஒரு குரங்குக்கு அவள் விற்றுவிட்டதாக நாடகத்தில் சேதி வருகிறதே, ஷைலாக்கின் செத்துப்போன மனைவி லேயா கொடுத்த துருக்கிக் கல் மோதிரம், அது. அவள் விற்கவில்லை என்று படம் சொல்கிறது. அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் அவசரம் என்று எனக்குத் தோன்றியது. நாடகத்தில் அவள் விற்றேவிட்டாள், ஒரே மூச்சில் 80 டுகாட் செலவும் செய்தாள். அப்படிப்பட்ட பெண்தான், அப்படியே இருக்கட்டும்.

2016இல் கெட்டோவுக்கு 500 வயது. அந்த ஜூலையில் கெட்டோவின் சதுக்கத்திலேயே இந்த நாடகத்தை முதன்முறையாகப் போட்டார்கள். ஷைலாக்காக ஐந்து பேர் மாறி மாறி நடித்தார்கள், ஒருவர் பெண். கூடவே வெனிஸில் ஒரு மேல்முறையீட்டு விசாரணையும் வைத்தார்கள். தலைமை வகித்தவர் அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க். சதைப் பேச்சு வேடிக்கை, எந்தக் கோர்ட்டும் அதை நிறைவேற்றாது, ஆனால் ஷைலாக்கின் சொத்தையும் 3000 டுகாட் அசலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், மதமாற்றம் செல்லாது, போர்ஷியா போய்ச் சட்டம் படிக்கட்டும். இதுதான் தீர்ப்பு. தானப் பத்திரத்தின் கதை இந்த ஒரு கோர்ட்டில் மட்டும் வேறு மாதிரி முடிந்தது.

நாடகத்தில் அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிடுவோம். தீர்ப்பு முடிந்ததும் ஷைலாக் தனக்கு உடம்பு சரியில்லை, பத்திரத்தை வீட்டுக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு போய்விடுகிறான். அடுத்த காட்சி தெருவில். போர்ஷியா நெரிஸ்ஸாவிடம் பத்திரத்தைக் கொடுத்து, அந்த யூதன் வீடு எங்கே என்று விசாரித்துக் கையெழுத்து வாங்கிவா என்கிறாள். நெரிஸ்ஸா குமாஸ்தா வேஷத்தைக் கலைக்காமலே கிளம்புகிறாள். கிராஷியானோ கூட வந்து வழி காட்டுகிறான். அவன் அவள் புருஷன், ஆனால் அவளை அடையாளம் தெரியவில்லை.

அந்த வீட்டுக் காட்சியை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. இர்விங் தட்டிய அதே கதவு. இந்த முறை உள்ளே ஆள் இருக்கிறது. கதவைத் திறந்தது யார், மை இருந்ததா, எங்கே கையெழுத்து என்று கேட்டானா, ஒன்றும் தெரியாது. ஷைலாக்கைக் கடைசியாகப் பார்த்தவள் நெரிஸ்ஸா என்பது மட்டும் நிச்சயம். எங்கள் ஆண்டு விழாவில் நான் அந்தத் தெருவில் நடந்ததே இல்லை.

பிறகு பெல்மாண்ட், நிலா. லொரென்சோவும் ஜெசிகாவும் பழைய காதல் கதைகளைச் சொல்லி விளையாடுகிறார்கள், சொல்கிற கதை ஒவ்வொன்றும் கெட்ட முடிவுள்ளது. சங்கீதம் கேட்கிறது. நல்ல இசை கேட்டால் எனக்கு உற்சாகம் வருவதே இல்லை என்கிறாள் ஜெசிகா. அதன் பிறகு நாடகம் முடியும் வரை அவளுக்கு வசனம் கிடையாது. எல்லாரும் வந்து சேர்கிறார்கள். மோதிரச் சண்டை நடந்து தீர்கிறது. மூழ்கியதாகச் சொன்ன கப்பல்களில் மூன்று பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டன என்று அந்தோனியோவுக்குச் சேதி வருகிறது. உனக்கும் ஒன்று இருக்கிறது என்று போர்ஷியா லொரென்சோவிடம் சொல்ல, நெரிஸ்ஸா முன்னால் வந்து பத்திரத்தை நீட்டுகிறாள், உனக்கும் ஜெசிகாவுக்கும், அந்தப் பணக்கார யூதன் செத்த பிறகு எல்லாம் உங்களுக்கு என்கிறாள். பசித்தவன் வழியில் வானத்திலிருந்து சோறு விழுந்த மாதிரி என்று லொரென்சோ பூரிக்கிறான்.

ஜெசிகா பக்கத்தில்தான் நிற்கிறாள். பத்திரத்தின் கீழே அவள் அப்பாவின் கையெழுத்து.